சட்பரி முறை

நவம்பர் 14

வந்து சேர்ந்தோம். ஊர் பெயர் மேக்னிடோகார்ஸ்க். ருஷ்யாவில் இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலமே அதை இரண்டாய் உடைத்துத்தான் சொல்கிறார். அவர் வேலூர்க்காரர், ஏஜென்சி ஆள். இங்கே ஓர் உருக்காலையில் பழைய குழாய்களைக் கழற்றிப் புதுக் குழாய் போட நாங்கள் பதினான்கு பேர் வந்திருக்கிறோம். அதில் ஒருவன் என் அக்கா பிலோமியின் மகன் பெர்க்மான்ஸ். வயது இருபத்தேழு. எவ்வளவு உயரத்திலும் ஏறி நின்று வெல்டிங் வைப்பான். குரங்கு பார்த்தால் வெட்கப்படும். கத்தாருக்கு விசா எடுத்து வைத்திருந்தவனை, வெயிலில் கருவாடாகப் போகிறாயா என்று கேட்டு இங்கே இழுத்து வந்தவன் நானே. வழியனுப்பும்போது அக்கா, "ஒன்னிய நம்பித்தான் விடுதேன், இஞ்ஞாசி" என்றாள். வேறு யாரை நம்புவாள்? பதினான்கு பேரில் குளிரைக் கண்டவன் நான் ஒருவன்தானே.

இந்த டைரி நான் வேலை பார்த்த தூத்துக்குடி இறால் கம்பெனியில் கொடுத்தது. வருடம் பழையது. தேதி என்ன பழசாகவா போகும்?

நவம்பர் 16

இந்த ஊரின் நடுவே யூரல் என்று ஓர் ஆறு. அக்கரை ஆசியா, இக்கரை ஐரோப்பா. ஹாஸ்டல் ஐரோப்பாவில், ஆலை ஆசியாவில். காலையில் ஐரோப்பாவில் கஞ்சி குடித்துவிட்டு டிராமில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஆசியா. ஆற்றின் நடுவில் டிராம் ஒரு குலுங்கு குலுங்கும். அது கண்டம் மாறுகிற குலுக்கல் என்று எல்லாருக்கும் விளக்கினேன்.

சுடலைமுத்து என்று தென்காசிக்காரன் ஒருவன். எதையும் குடைந்து கேட்கிற ஜாதி. உலகத்திலேயே இதுதான் குளிர்ந்த ஊரோ என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனடாவில் சட்பரி என்று ஓர் ஊர் இருக்கிறது, நிக்கல் எடுக்கிற ஊர், அங்கே மூன்று குளிர்காலம் இருந்தவன் நான் என்று சொன்னேன். எல்லாரும் கட்டிலை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். பெர்க்மான்ஸ் மட்டும் டீ டம்ளருக்குள் முகத்தை வைத்து இருமினான். புரை ஏறியிருக்கும்.

நவம்பர் 20

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஊர்களையும் நிறுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தராசு என் கையில்.

இங்கே புகைபோக்கி நிறைய, ஆனால் குட்டை. சட்பரியில் ஒன்றுதான், ஆனால் அதன் உச்சிக்கு ஏறிப்போனவன் இறங்கும்போது தாடி வளர்ந்திருக்கும். இங்கே பனி சாம்பல் நிறம், வாயில் விழுந்தால் இரும்பு ருசி. சட்பரியில் பனி வெள்ளை, பாறைதான் கறுப்பு. சட்பரியில் வீட்டு உயரத்துக்கு ஒரு நாணயம் நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து நான் முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது? குளிரிலும் இந்த ஊருக்கு ஒழுக்கம் இல்லை. இன்று மைனஸ் ஒன்பது, நாளை பதினைந்து. சட்பரி எப்போதும் மைனஸ் பதினெட்டு. சித்திரையானாலும் மார்கழியானாலும் ஒரு டிகிரி அசையாது. கதவிலேயே மீட்டர் மாட்டியிருப்பார்கள்.

"ஊருக்குக் கதவா அண்ணாச்சி?" என்று கேட்டான் சுடலைமுத்து.

"கோட்டைக் கதவு போல இருக்கும்வே" என்று பெர்க்மான்ஸ் எனக்காகப் பதில் சொன்னான். "மாமா அந்த நாணயத்த இன்னொரு மட்டம் சொல்லுங்க."

அக்கா மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

நவம்பர் 24

நான் குளிர் லீடர் ஆகிவிட்டேன்.

நடந்தது இது. ஆலையின் ருஷ்ய இன்ஜினீயருக்கு இந்தியர்கள் குளிரில் விறைத்துப்போவார்களோ என்று பயம். எங்கள் ஆட்களில் சட்பரிக்காரரே இருக்கிறார், கவலை வேண்டாம் என்று தணிகாசலம் அவரிடம் சொல்லிவிட்டார். இனி நான் குழாய் தூக்க வேண்டியதில்லை. வாசல் பக்கம் ஹீட்டர் போட்ட தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவர்களின் உடுப்பைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். டாக்டரிடம் போவதென்றாலும் நான் சீட்டு எழுதினால்தான் போகலாம். சீட்டுப் புத்தகம் என் பையில்.

விதிமுறை எழுதச் சொன்னார். 'சட்பரி முறை' என்று தலைப்புப் போட்டு ஏழு விதி சொன்னேன். முதல் விதி: சேஃப்டி ஷூவுக்குள் மூன்று ஜோடி சாக்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாக, கட்டாயம். தணிகாசலம் டைப் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, லேமினேஷன் செய்து கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டார்.

சட்பரியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள், வெளியே வந்து டீ குடித்து, காலை உதறிவிட்டு மறுபடி உள்ளே போவோம். இங்கே மணி கிடையாது, பத்து மணி நேரம் வெளியில்தான். ஆகவே அதை எழுதச் சொல்லவில்லை.

நவம்பர் 30

கேன்டீனில் லூடா என்று ஒரு பெண்பிள்ளை. என் தோற்றத்தில் மயங்கியவள். என் ஷூவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, செத்துப்போன புருஷனின் கம்பளிப் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். தொளதொளவென்று இருக்கிறது. ஒரே ஒரு சாக்ஸ் போதுமாம். தன் கைவிரல்களை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். உள்ளே விரல் ஆட வேண்டும், ஆடினால்தான் உயிர். எனக்கு ருஷ்ய மொழி தண்ணீர்பட்ட பாடு, சட்டென்று புரிந்துவிட்டது.

போட்டுப் பார்த்தேன். தொட்டில் போல இருக்கிறது.

உங்களுக்கு மட்டும் ஏன் ஒன்று என்று சுடலைமுத்து கேட்டான். சட்பரியில் பழகின கால், ஒன்றே அதிகம் என்றேன். லூடா சொன்னதை மற்றவர்களிடம் சொல்லவில்லை. நோட்டீஸ் லேமினேஷன் ஆகிவிட்டது.

டிசம்பர் 9

மைனஸ் இருபத்துநான்கு. கொட்டகைக்குள் வேர்க்கிறது.

டிசம்பர் 19

இன்று ஒரு கலகம். சுடலைமுத்து இரண்டு சாக்ஸைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போகப் பார்த்தான். பிடித்துவிட்டேன். மூன்று போட்டால் ஷூ இறுக்குகிறது, கால் செத்த மீன் மாதிரி கிடக்கிறது என்றான். எல்லார் முன்னாலும் உட்கார வைத்து மூன்றையும் போடச் செய்தேன். அப்போதும் முனகினான்.

பெர்க்மான்ஸ்தான் அவனை அடக்கினான். "மாமா சொன்னா அதுல ஒரு இது இருக்கும்வே. நானும் மூணுதான் போட்டிருக்கேன்" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினான். அவன் ஷூ எட்டாம் நம்பர், கால் எட்டரை. லேஸ் கட்ட எட்டாமல் குறடு வைத்து இழுத்துக் கட்டியிருந்தான். அந்த யோசனை நான் கொடுத்தது. அந்தக் குறட்டை இப்போது எல்லாரும் வாங்கி இழுத்துக்கொள்கிறார்கள்.

டிசம்பர் 25

திருநாள். ருஷ்யர்களுக்கு இன்று பண்டிகை இல்லை, அவர்கள் தேதி வேறு. வேலைக்குப் போய் வந்து ஹாஸ்டலில் பெர்க்மான்ஸ் ரவையில் கேக் செய்தான். கேக் மாதிரி இல்லை, ஆனால் இனித்தது. சட்பரியில் பூசை எப்படி இருக்கும் என்று அவனே எடுத்துக் கொடுத்தான். உறைந்த ஏரி மேல் பீடம் வைத்து, கீழே மீன்கள் அண்ணாந்து பார்க்க, பிஷப் பூசை வைப்பார் என்று சொன்னேன். பதிமூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம்பிக்கையோடு சிரித்தார்கள். மருமகன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

ஜனவரி 1

டைரியின் பின்பக்கம் தீர்ந்துவிட்டதால் முன்பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 12

மைனஸ் முப்பத்தொன்று. ஆலை ஓரத்தில் மட்டும் ஆறு உறையவில்லை, வெந்நீர் விடுகிறார்கள். அங்கே கிழவர்கள் மீன் பிடிக்கிறார்கள். சட்பரிக் கிழவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது.

பெரிய செய்தி. ஐம்பது நாளாக எங்கள் ஆள் ஒருவன்கூடக் குளிர் என்று டாக்டரிடம் போகவில்லை. வேறு நாட்டு ஆட்களில் நான்கைந்து பேர் போயிருக்கிறார்கள். இன்ஜினீயர் அசந்துபோய்விட்டாராம். வரும் வெள்ளிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, எல்லாரையும் நிறுத்தி வைத்து எனக்கு நரித்தோல் தொப்பி போடப்போகிறார். படம் எடுத்துச் சென்னை ஆபீசுக்கு அனுப்புவார்கள்.

ஜனவரி 15

தொப்பியை நினைத்துக்கொண்டு இருந்தபோது பெர்க்மான்ஸ் கொட்டகைக்குள் வந்து ஷூவைக் கழற்றினான். மூன்று சாக்ஸையும் உரித்தான். கால்விரல்கள் மாதா கோவில் மெழுகுவத்தி போல வெள்ளையாக, மினுமினுவென்று இருந்தன. இடது காலில் ஐந்தும். வலதில் இரண்டு.

"தொட்டாத் தெரியல மாமா. ஏணியில நிக்கும்போது கம்பி இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத்தான் மிதிக்கேன். சீட்டு எழுதிக் குடுங்க."

வெள்ளை வந்தால் கால் குளிரைப் படித்துக்கொண்டது என்று பொருள், சட்பரியில் இதற்கு மிட்டாய் கொடுப்பார்கள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை பொறு, சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். நான்கு நாள் பெரிய விஷயமா? சொந்த மருமகனே முதல் சீட்டு வாங்கினால் தணிகாசலம் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று கேட்டேன்.

காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சரி மாமா" என்று மறுபடி மூன்றையும் மாட்டிக்கொண்டு ஏணிக்குப் போனான்.

ஜனவரி 16

தைலம் தேய்த்துவிட்டேன், அரை பாட்டில். ஊசியால் குத்திப் பார்த்தான். வலிக்கவில்லையாம். வலிக்காததற்கு எதற்கு டாக்டர்?

ஜனவரி 17

ஏறினான். இறங்கும்போது மெதுவாக இறங்கினான்.

ஜனவரி 18

வெள்ளை போய்க் கத்தரிக்காய் நிறம் வந்துவிட்டது. ரத்தம் திரும்புகிறது. கொப்புளமும் உண்டு. ஏதோ ஒரு வாடை, சாக்ஸ் துவைக்காததால் இருக்கும்.

கேன்டீனில் அவன் நொண்டுவதை லூடா பார்த்துவிட்டுக் கரண்டியோடு ஓடிவந்தாள். அவன் ஷூவைக் காட்டி, என் பூட்ஸைக் காட்டி, என்னை நோக்கி ஊரே கேட்கக் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். பெர்க்மான்ஸுக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாளாம், அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கோபம் என்று மொழிபெயர்த்தேன். நல்ல சிரிப்பு. அவனும் சிரிக்க முயன்றான்.

ஜனவரி 19

தொப்பி கிடைத்தது. அசல் நரி. காதுவரை மூடுகிறது. இன்ஜினீயர் கை குலுக்கி ஐந்து நிமிடம் பேசினார். அதில் மூன்று நிமிடம் என்னைப் பற்றி.

வரிசையில் நின்ற பெர்க்மான்ஸ் கைதட்டல் சமயத்தில் முன்பக்கமாக விழுந்துவிட்டான். ஷூவை அறுத்துத்தான் எடுத்தார்கள். படத்தில் ஓரமாக அவன் கை மட்டும் தெரிகிறது. வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று தணிகாசலம் சொன்னார்.

ஜனவரி 21

ஆஸ்பத்திரி. டாக்டர் பெண். பேசுவதை ஃபோனில் போட்டால் ஃபோன் தமிழில் சொல்கிறது. ஃபோனின் தமிழ் மட்டம், என் ருஷ்ய மொழி அளவுக்கு வராது. அது சொன்னது இவ்வளவுதான்: "மிகுதியான காலுறை. காலணி இறுக்கம். இரத்தம் செல்ல வழி இல்லை. நான்கு நாட்கள் முன்பு வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்."

தணிகாசலம் ஃபோனைப் பார்த்தார். நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

ஜனவரி 31

ஏழு விரல் எடுத்தாகிவிட்டது. சட்பரியில் ஒரு நார்வேக்காரனுக்கு ஒன்பது எடுத்தார்கள். அதைப் பார்க்க இது ஒன்றுமில்லை.

பிப்ரவரி 1

அக்கா ஃபோன் செய்தாள். நகச்சுற்று, நகம் எடுத்திருக்கிறது என்று சொன்னேன். எத்தனை நகம் என்று கேட்டாள். ஏழு என்றேன். பொய் சொல்லவில்லையே. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொன்னாள். புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்கிறாளாம். என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டுமாம்.

பிப்ரவரி 3

சென்னை ஆபீசுக்கு விளக்கம் எழுதினோம். தணிகாசலம் வாசகம் சொல்ல நான் கையெழுத்திட்டேன். தொழிலாளி பணி நேரத்துக்குப் பின் ஆற்றங்கரையில் மீன் பிடிக்கப் போய் ஷூவை நனைத்துக்கொண்டார், எச்சரித்தும் கேட்கவில்லை. பெர்க்மான்ஸ் மீன் பிடிப்பதில் கெட்டிக்காரன்தான், அந்தமட்டில் உண்மை. சாக்ஸ் என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

சுடலைமுத்து வந்து, கையெழுத்துப் போடும் முன்பு பெர்க்மான்ஸையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றான். அன்று மாலையே சுடலைமுத்துவுக்கு வேறு ஹாஸ்டல், வேறு ஷெட் என்று தணிகாசலம் ஆர்டர் போட்டுவிட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தென்காசிக்காரர்களுக்கு மரியாதை போதாது.

பிப்ரவரி 6

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். பெர்க்மான்ஸ் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால்களைச் சுற்றி வெள்ளைக் கட்டு, முயல்குட்டி இரண்டு படுத்திருப்பது போல. விளக்கம் எழுதின சங்கதி அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டான்.

"மாமா, சட்பரியில ஏப்ரல் மாசம் எப்படி இருக்கும்?"

எனக்கா தெரியாது? ஏரி, கரையில் ஒரு சிவப்பு வள்ளம், பின்னால் மூன்று மரம் என்றேன்.

"அக்டோபரு?"

இலையெல்லாம் சிவந்து கிடக்கும், ஒரு பாலம், பாலத்தின்மேல் ஒரு கிழவன் சைக்கிளில் போவான் என்றேன்.

"ஏப்ரல் எனக்குக் கணக்குப் புஸ்தகம். அக்டோபர் சமூக அறிவியல்" என்றான். "கனடாக்காரன் ஒங்க கம்பெனிக்குக் குடுத்த காலண்டரு. வருசம் முடிஞ்சதும் நீங்கதான மாமா கொண்டாந்து அம்மைக்கிட்ட குடுத்திய, அட்ட போட. ஏழாங்கிளாசு முழுக்கச் சட்பரியத்தான் தூக்கிக்கிட்டு அலஞ்சேன்."

நான் ஆரஞ்சு உரித்தேன். தோல் தடித்த ஜாதி, நேரம் எடுத்தது.

"அது பொய்யின்னு மொத நாளே தெரியும். நம்ம பயலுவ சிரிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்னு இருந்துட்டேன். ஆனா கோல்டு ரூம் மெய்தான மாமா? பத்தொம்பது வருசம் ஐஸுக்குள்ள நீங்க இறாப்பெட்டி தூக்குனது மெய்தான? சாக்ஸு அதுல உள்ளதுன்னு நெனச்சேன்."

ஏதோ சொன்னேன். அவன் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குள்ள எத்தன மாமா?"

நர்ஸ் வருகிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். வலிக்குப் போடுகிற ஊசி தலைக்கு ஏறினால் இப்படித்தான் உளறச் சொல்லும். சட்பரியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

அவனை ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. சக்கர நாற்காலி, விமானத்தில் முதலில் ஏற்றுகிற மரியாதை. எங்களுக்கெல்லாம் கிடைக்குமா? இனி அவனால் ஏணி ஏற முடியாது என்று டாக்டர் சொன்னதை அவனே எல்லாரிடமும் சொல்லிவிட்டான். தரையில் செய்ய எத்தனையோ வேலை இருக்கிறது. அக்காவை இறால் கம்பெனியில் கேட்கச் சொன்னால், கோல்டு ரூம் வாசலில் மீட்டர் பார்க்கிற வேலை கிடைக்கும். உட்கார்ந்தே செய்யலாம்.

விமான நிலையத்தில் என் கையைப் பிடித்தான். அம்மையிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் மாமா, நீங்களே வந்து சொல்லுங்கள் என்றான். நல்ல பிள்ளை. பெரியவர்களுக்கு இடம் விடுகிறான்.

அக்கா நான்கு முறை கூப்பிட்டிருக்கிறாள். இங்கே டவர் சரியில்லை.

பிப்ரவரி 24

புது ஆட்கள் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கம், கடல் காற்றைத் தவிர ஒரு குளிரும் அறியாதவர்கள். மைனஸ் இருபத்தேழு. டிராமில் நடுங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து, நரித்தோல் தொப்பியோடு அவர்கள் முன் நின்று இரண்டு ஊர்களைப் பற்றியும் சொன்னேன். இப்போது மேக்னிடோகார்ஸ்க் குளிரையும் பார்த்துவிட்டதால் என் பேச்சுக்கு எடை கூடியிருக்கிறது. வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஒருவன், தாவூது என்று பெயர், சுவரிலிருந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மூன்றாவது சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"அண்ணே, மூணு போட்டா ஷூ ஏற மாட்டேங்குது. ரெண்டோட நிப்பாட்டிக்கிடவா?"

தணிகாசலம் வாசலில் நின்றிருந்தார். நோட்டீஸைப் பார்த்தார், அதன் அடியில் அவர் கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்தார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். பூட்ஸுக்குள் என் விரல்கள் பத்தும் கதகதவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"மூணு" என்றேன். சட்பரியில் நாங்கள் நாலு போடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

லேஸ் கட்ட எட்டவில்லை என்றான். பெர்க்மான்ஸ் விட்டுப்போன குறடு மேசைமேல் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.